கல்லூரி பேஸ்பால் பயிற்சியாளர் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கிய நண்பர்களும், பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடவிட்டிருக்கும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பதில்கள் பெரும்பாலும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் உச்சப் பிரிவான முதல் பிரிவைப் பற்றியவை. மற்ற பிரிவுகளுக்குப் பின்னால் தனிக் கேள்வி உண்டு.

கல்லூரியின் பெயரையும் தலைமைப் பயிற்சியாளரின் பெயரையும் மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்களே அதிகம். பையனோடு தினமும் மைதானத்தில் நிற்கப்போவது துணைப் பயிற்சியாளர்கள்தான். அவர்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

மொத்தம் எத்தனை கோச்? டிவியில பார்த்தா பத்துப் பதினஞ்சு பேர் நிக்கிறாங்களே?

2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிப்படி நாலு பேர். ஒரு தலைமைப் பயிற்சியாளர், சம்பளம் வாங்கும் மூன்று துணைப் பயிற்சியாளர்கள். பொதுவாக ஒருவர் பிட்சர்களை (பந்து வீசுபவர்கள்) பார்த்துக்கொள்வார், ஒருவர் பேட்டிங்கை. மூன்றாமவருக்குக் கேட்சர்கள் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்கள்), ஃபீல்டிங், பேஸ் ஓட்டம் (மைதானத்தின் நாலு மூலைகளான பேஸ்களைச் சுற்றி ஓடுவது) என்று எது மிச்சமோ அது வரும். யாருக்கு என்ன வேலை என்பது தலைமைப் பயிற்சியாளரின் முடிவு. கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

டக்அவுட்டில் (மைதான ஓரத்தில் அணி உட்காரும் இடம்) தெரியும் மற்றவர்கள் உதவிப் பணியாளர்கள். அவர்களைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கோச் எதுக்குங்க ஆட்டக்காரர் மாதிரியே யூனிஃபார்ம் போட்டுட்டு நிக்கிறார்?

பழைய காலத்து பேஸ்பாலில் அணியை நடத்தியவரே ஆடவும் செய்தார். அந்த வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதோடு, தன் அணி பேட் செய்யும்போது ஒரு பயிற்சியாளர் முதல் பேஸ் பக்கத்திலும் இன்னொருவர் மூன்றாம் பேஸ் பக்கத்திலும் மைதானத்துக்குள்ளேயே நிற்கிறார்கள்.

அவர்கள் தலையில் ஹெல்மெட் இருப்பதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 2007 ஜூலையில் மைனர் லீக் (உச்சத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக்குக்குக் கீழே உள்ளது) ஆட்டம் ஒன்றில் முதல் பேஸ் அருகே நின்றிருந்த பயிற்சியாளர் மைக் கூல்பா, அடித்த பந்து பட்டு இறந்துபோனார். அடுத்த ஆண்டே தொழில்முறை பேஸ்பாலில் ஹெல்மெட் கட்டாயமானது. கல்லூரி ஆட்டங்களிலும் பேஸ் பயிற்சியாளர்கள் ஹெல்மெட்டோடுதான் நிற்கிறார்கள்.

அப்போ தலைமை கோச் என்னதான் செய்வார்?

ஆட்ட நேரத்தில் யாரை இறக்குவது, யாரை மாற்றுவது என்ற கடைசி முடிவு அவருடையது. சிலர் தாங்களே மூன்றாம் பேஸ் அருகே போய் நின்று சைகை காட்டுவார்கள். ஆனால் அவருடைய வேலையின் பெரும்பகுதி ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறது. துணைப் பயிற்சியாளர்களைத் தேடிப் பிடிப்பது, நிதி கொடுப்பவர்களைச் சந்திப்பது, மாணவர்களின் படிப்பு, ஒழுங்கு, உதவித்தொகை எல்லாம் அவர் தலையில்தான்.

அந்தப் பதவியில் நீண்ட காலம் இருந்தவர்கள் கல்லூரியின் அடையாளமாகவே ஆகிவிடுகிறார்கள். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராட் டெடோ 1942-இல் தொடங்கி 1986 வரை இருந்தார். அவர் காலத்தில் அந்த அணி 11 தேசியப் பட்டங்கள் வென்றது. ஃபுளோரிடா ஸ்டேட்டின் மைக் மார்ட்டின் 1980 முதல் 2019 வரை 2,029 வெற்றிகள் பெற்றார். 17 முறை அணியை, ஒமாஹா நகரில் நடக்கும் தேசிய இறுதித் தொடருக்குக் கூட்டிப்போனார். ஒரு முறைகூடப் பட்டம் கிடைக்கவில்லை. அதற்காக அவரைச் சின்னவராக நினைக்கும் பேஸ்பால்காரர் யாரும் இருக்க மாட்டார்.

பிட்சிங் கோச்சுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை?

வார அட்டவணையைப் பாருங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டம். செவ்வாய்க்கிழமை வாக்கில் இன்னொரு அணியோடு ஓர் ஆட்டம். பிப்ரவரி நடுவில் தொடங்கி மே வரை வழக்கமான பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை ஆடலாம். வெள்ளிக்கிழமை தொடங்கும் பிட்சர் பொதுவாக அடுத்த வெள்ளிதான் மறுபடி தொடங்குவார். நடுவில் யார் ஓய்வு, யார் எத்தனை பந்து பயிற்சியில் போடலாம், யாருடைய முழங்கை வலிக்கிறது, யார் வலியை மறைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பவர் பிட்சிங் பயிற்சியாளர். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களின் கைகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. என் கணக்கில் குழுவிலேயே கனமான பொறுப்பு இதுதான்.

நல்ல பிட்சிங் பயிற்சியாளர் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெஸ் ஜான்சன் கதை போதும். ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் இருந்தவரை 2018 பருவம் முடிந்ததும் மின்னசோட்டா ட்வின்ஸ் அணி நேராக மேஜர் லீக்குக்குக் கூட்டிக்கொண்டது. 2022 ஜூனில், பருவத்தின் நடுவிலேயே, அந்த வேலையை விட்டுவிட்டு லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிட்சிங் பயிற்சியாளராகக் கல்லூரிக்கே திரும்பினார். பலருக்கு அது புரியவே இல்லை. விமானப்படை அகாடமியில் கேட்சராகவும் பிட்சராகவும் ஆடிக்கொண்டிருந்த பால் ஸ்கீன்ஸ் அதே நேரத்தில் அங்கே மாறி வந்தார். 2023-இல் ஸ்கீன்ஸ் 209 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாக்குவது) எடுத்து எஸ்இசி மாநாட்டின் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்கைத்தான் மாநாடு என்கிறார்கள்) சாதனையை முறியடித்தார். அணி தேசியப் பட்டம் வென்றது, ஸ்கீன்ஸை டிராஃப்டில் (மேஜர் லீக் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாகப் பிட்ஸ்பர்க் அணி எடுத்தது. ஜான்சன் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார்.

தலைமைப் பயிற்சியாளரே பிட்சர்களைப் பார்த்துக்கொள்வதும் உண்டு. யுசிஎல்ஏவின் (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்) ஜான் சாவேஜ் அப்படிப்பட்டவர். கெரிட் கோல், ட்ரெவர் பாவர் இருவரும் அவரிடம் ஆடி 2011 டிராஃப்டின் முதல் மூன்று இடங்களுக்குள் போனவர்கள்.

எந்தப் பந்து போடணும்னு பிட்சரே முடிவு பண்ண மாட்டாரா? கேட்சர் ஏன் ஒவ்வொரு பந்துக்கும் டக்அவுட்டைப் பாக்கிறார்?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தும். அங்கே பந்துவீச்சாளரும் கேப்டனும் நடுவில் நின்று பேசி முடிவெடுப்பார்கள். கல்லூரி பேஸ்பாலில் பெரும்பாலான அணிகளில் ஒவ்வொரு பந்தையும் பிட்சிங் பயிற்சியாளர்தான் டக்அவுட்டிலிருந்து தேர்ந்தெடுக்கிறார். முன்பெல்லாம் விரல் சைகை. பிறகு எண்களைச் சொல்லி மணிக்கட்டில் கட்டிய அட்டையில் பார்த்துக்கொள்வது வந்தது. சில ஆண்டுகளாக ஒரு பக்கம் மட்டும் செய்தி போகும் மின்னணுக் கருவிகளுக்கும் அனுமதி உண்டு.

எதிரணி பேட்டர்களின் பலவீனத்தை வாரம் முழுக்க வீடியோவில் பார்த்தவர் பயிற்சியாளர் என்பதால் இதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மூன்று வருடம் ஆடிய கேட்சருக்கு ஒரு பந்தைக்கூடத் தானாகக் கேட்கும் சுதந்திரம் இல்லை என்றால் அது பயிற்சியாகாது. இரண்டாம், மூன்றாம் வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பைக் கையில் கொடுக்கும் பயிற்சியாளர்களைத்தான் நான் மதிக்கிறேன்.

ஒரு பையனை ஒரே ஆட்டத்தில் 169 பந்து போட வெச்சாங்களாமே, உண்மையா? தடுக்க விதி இல்லையா?

உண்மைதான். 2009 மே 30 அன்று டெக்சஸும் பாஸ்டன் காலேஜும் 25 இன்னிங்ஸ் ஆடின (வழக்கமாக ஒன்பதுதான்). கல்லூரி பேஸ்பால் வரலாற்றிலேயே நீளமான ஆட்டம் அது. நீங்கள் கேட்ட பையன் டெக்சஸின் ஆஸ்டின் வுட். இடையில் வந்து 13 இன்னிங்ஸ் போட்டார். அதில் 12-க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் வரை எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கிடைக்கவில்லை. டெக்சஸ் 3-2 என்று வென்றது. பார்த்தவர்கள் மெய்சிலிர்த்துப் போனார்கள். அதே நேரத்தில், ஒரு மாணவனை இப்படி ஆடவிடலாமா என்ற கோபமும் கிளம்பியது.

உயர்நிலைப் பள்ளிகளில் 2017 முதல் ஒவ்வொரு மாநிலமும் பந்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறது. கல்லூரிக்கு வந்துவிட்டால் அப்படி எழுதப்பட்ட வரம்பு கிடையாது. எல்லாம் பயிற்சியாளர் குழுவின் மனசாட்சியைப் பொறுத்தது. ஆட்டம் கையில் இருக்கிறது, பையனும் "நான் போடுறேன் கோச்" என்கிறான், அரங்கம் கத்துகிறது. அந்த நேரத்தில் "போதும், வா" என்று சொல்லும் மனுஷன்தான் பிட்சிங் பயிற்சியாளராக இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

துணை கோச்சுகள் ஆட்டத்தின்போது சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதானே தெரியுது?

1982 இறுதித் தொடரில் மயாமியும் விச்சிட்டா ஸ்டேட்டும் மோதிய ஆட்டத்தைச் சொல்கிறேன். விச்சிட்டாவின் ஃபில் ஸ்டீஃபன்சன் அந்தப் பருவத்தில் பேஸ் திருடுவதில் (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) நாட்டிலேயே பெரிய ஆள். முதல் பேஸில் அவர் நிற்கும்போது மயாமி பிட்சர் அங்கே பந்தை எறிவதுபோல் பாவனை செய்தார். முதல் பேஸ்காரர் பந்தைத் தவறவிட்டதுபோல் பாய்ந்தார், மற்றவர்கள் பந்து ஓடிவிட்டதாகக் கத்திக் கைகாட்டினார்கள். ஸ்டீஃபன்சன் இரண்டாம் பேஸுக்கு ஓடினார். பந்து பிட்சரின் கையுறைக்குள்ளேயே இருந்தது. அவுட்.

அந்தத் திட்டத்தைப் போட்டு ஆட்டக்காரர்களைப் பழக்கியவர் துணைப் பயிற்சியாளர் ஸ்கிப் பெர்ட்மன். மயாமி அந்த ஆண்டு தன் முதல் பட்டத்தை வென்றது. பெர்ட்மன் 1984-இல் லூயிசியானாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய் 2001-க்குள் ஐந்து பட்டங்கள் வாங்கிக்கொடுத்தார்.

ரெக்ரூட்டிங் கோஆர்டினேட்டர்னா அவர் கோச்சா, ஆபீஸ் ஆளா?

கோச்தான். பெரும்பாலும் பேட்டிங் பயிற்சியாளரோ இன்னொரு துணைப் பயிற்சியாளரோ இந்தப் பொறுப்பையும் சேர்த்துப் பார்ப்பார். கோடை முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பையன்களின் ஆட்டத்தைப் பார்ப்பது அவர் வேலை. உங்கள் குடும்பத்தோடு முதலில் பேசப்போவதும் பெரும்பாலும் இவர்தான்.

இவருடைய தலைவலி மூன்று பக்கத்திலிருந்தும் வரும். நல்ல பள்ளி வீரரை ஜூலையில் நடக்கும் டிராஃப்டில் மேஜர் லீக் அணி எடுத்துவிடலாம். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடித்தவரோ 21 வயது ஆனவரோ அதே டிராஃப்டில் கிளம்பிவிடலாம். மிச்சம் இருப்பவர்கள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) வழியாக வேறு கல்லூரிக்கு மாறலாம். அடுத்த பிப்ரவரியில் யார் இருப்பார்கள் என்று தெரியாமலேயே அணியைக் கட்டுகிறார்கள்.

பணக் கணக்கும் இவருடையதுதான். நெடுங்காலம் முதல் பிரிவில் ஓர் அணிக்கு 11.7 உதவித்தொகைதான்; அதை 27 பேர் வரை பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்கள். ஒரு வழக்கின் சமரசம் 2025 ஜூனில் நீதிமன்ற ஒப்புதல் பெற்ற பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. பதிலாக அணியில் 34 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பணமுள்ள கல்லூரிகளுக்கு இது வசதி. 35-ஆவது, 36-ஆவது ஆளாகச் சேர்ந்து உழைத்து மேலே வந்த பையன்களுக்குக் கதவு மூடிவிட்டது.

பையன் ஒன்பதாவது படிக்கிறான். கோச்சுக்கு அஞ்சாறு மெயில் போட்டும் பதிலே இல்லை. பிடிக்கலையா?

அப்படி நினைக்க வேண்டாம். முதல் பிரிவில் பதினோராம் வகுப்பு தொடங்கும் முன் வரும் ஆகஸ்ட் 1 வரை பயிற்சியாளர் பையனோடு சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது என்று விதி. முகாம் விவரமோ படிவமோ அனுப்பலாம், அவ்வளவுதான். எட்டாவது படிக்கும் பிள்ளைக்கே வாய்வார்த்தையாக இடம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அதைக் கட்டுப்படுத்தத்தான் இது வந்தது. நல்ல விதி.

ஆகஸ்ட் 1 தாண்டியும் பதில் இல்லை என்றால் அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டு அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

வாலண்டியர் கோச்னு முன்னாடி ஒருத்தர் இருந்தாராமே? சம்பளமே இல்லாமலா?

ஆமாம். 2023-க்கு முன்பு இரண்டு துணைப் பயிற்சியாளர்களுக்குத்தான் சம்பளம் தரலாம். மூன்றாமவர் தன்னார்வலர். பெயர்தான் தன்னார்வலர், வேலை மற்றவர்களைப் போலவே முழு நேரம். கல்லூரி நடத்தும் கோடை முகாம்களில் சொல்லிக்கொடுத்து வரும் காசில்தான் வாடகை கட்டினார்கள். 2019-இல் மூன்றாமவருக்கும் சம்பளம் தரலாம் என்ற முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றது. செலவு கூடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். கோடிக்கணக்கில் டிவி வருமானம் பார்க்கும் மாநாடுகளும் அப்படி வாக்களித்தன என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அப்புறம் முன்னாள் தன்னார்வப் பயிற்சியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் என்சிஏஏ அந்தப் பதவியையே நீக்க முடிவெடுத்து, ஜூலை முதல் மூன்றாவது சம்பளப் பதவியை அனுமதித்தது. முதல் கேள்வியில் சொன்ன நாலு பேர் கணக்கு அப்படி வந்ததுதான்.

அப்போ டக்அவுட்ல இருக்கிற மத்தவங்கல்லாம் யார்?

பேஸ்பால் செயல்பாட்டு இயக்குநர் பயணம், ஹோட்டல், சாப்பாடு, அட்டவணை எல்லாம் பார்ப்பார். உடற்பயிற்சிப் பயிற்சியாளர், காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் ட்ரெய்னர், புல்பென் கேட்சர் (ஆட்டத்துக்குத் தயாராகும் பிட்சர்களுக்குப் பந்து பிடிப்பவர்), மாணவ மேலாளர்கள் இருப்பார்கள். பெரிய கல்லூரிகளில் தரவு ஆய்வாளர்களும் உண்டு. டிராக்மேன், ராப்சோடோ கருவிகள் தரும் பந்தின் சுழற்சி, வேகக் கணக்குகளைப் பயிற்சியாளர்களுக்குப் புரியும்படி சொல்வது அவர்கள் வேலை. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் பிட்சர்களின் உடலசைவை அளப்பதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது.

இவர்களில் காயத்தைப் பார்க்கும் ட்ரெய்னர் முக்கியமானவர். ஒரு பையன் ஆடலாமா கூடாதா என்பதில் அவர் சொல்லுக்குத் தலைமைப் பயிற்சியாளர் கட்டுப்படுகிறாரா என்று விசாரியுங்கள்.

சம்பளம் எவ்வளவுங்க?

உச்சியில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டும். எஸ்இசி மாநாட்டில் பலர் அதற்கும் மேலே. அதே முதல் பிரிவில் சின்னக் கல்லூரித் துணைப் பயிற்சியாளருக்கு ஒரு பள்ளி ஆசிரியர் அளவுக்குக்கூடக் கிடைக்காமல் போகலாம்.

பையன் சேர்ந்தப்புறம் கோச் வேற காலேஜுக்குப் போயிட்டா என்ன ஆகும்?

நடக்கும். 2024-இல் டெக்சஸ் ஏ அண்டு எம் இறுதி ஆட்டத்தில் டென்னசியிடம் தோற்றது. மறுநாளே அதன் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகல் பரம எதிரியான டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். துணைப் பயிற்சியாளர்களும் பெரும்பாலும் தலைவரோடு கிளம்புவார்கள். கிளம்பாதவர்களின் வேலை புதிய தலைமைப் பயிற்சியாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. பேட்டிங் பயிற்சியாளர் மைக்கேல் ஏர்லியும் ஷ்லாஸ்நேகலோடுதான் போனார். சில நாட்களிலேயே ஏ அண்டு எம் அவரையே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்ப அழைத்துக்கொண்டது.

பையனின் ஒப்பந்தம் கல்லூரியோடுதான், பயிற்சியாளரோடு இல்லை. போர்ட்டல் வழியாக மாறும் வாய்ப்பு அவனுக்கும் உண்டு. ஆனால் படிக்கும் பாடமும் உதவித்தொகையும் அதே மாதிரி அங்கே அமையும் என்பது நிச்சயமில்லை.

அசோசியேட் ஹெட் கோச்னா அடுத்த வாரிசுன்னு அர்த்தமா?

அப்படி எந்த உறுதியும் இல்லை. மூத்த துணைப் பயிற்சியாளரை வேறு கல்லூரி இழுத்துக்கொள்ளாமல் இருக்கக் கொடுக்கும் பட்டம் அது. சில நேரம் வாரிசாக அமையும். கோஸ்டல் கரோலினாவில் கேரி கில்மோர் 2024-இல் ஓய்வு பெற்றதும் அவரிடம் இருந்த கெவின் ஷ்னால் பொறுப்பேற்று முதல் ஆண்டிலேயே அணியை இறுதி வரை கொண்டுபோனார். மறுபக்கம், மேலே சொன்ன மைக் மார்ட்டினுக்குப் பின் நெடுநாள் துணையாக இருந்த அவர் மகனே ஃபுளோரிடா ஸ்டேட் பொறுப்புக்கு வந்தார். 2022-இல் அவரை நீக்கிவிட்டார்கள்.

ஆட்டத்தின் நடுவில் ஹெட் கோச்சை அம்பயர் வெளியேத்திட்டா யார் பாத்துப்பாங்க?

ஒரு துணைப் பயிற்சியாளர் பொறுப்பேற்பார். இப்போது சொன்ன ஷ்னாலுக்கே இது நடந்தது. 2025 இறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸிலேயே அவரையும் முதல் பேஸ் பயிற்சியாளரையும் நடுவர்கள் வெளியேற்றினார்கள். 26 ஆட்டங்கள் தொடர்ந்து வென்று இறுதிக்கு வந்த அணி, பாதிக் குழுவை இழந்து மிச்ச ஆட்டத்தை ஆடியது. எதிரணியான லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 5-3 என்று வென்று பட்டத்தையும் எடுத்துக்கொண்டது.

இவங்க மேஜர் லீக்குக்கும் போவாங்களா?

முன்பு அரிது. இப்போது அடிக்கடி நடக்கிறது. வெஸ் ஜான்சனைப் பார்த்தோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிட்சிங் பயிற்சியாளர் கிறிஸ் ஃபெட்டர் 2020-இல் டெட்ராய்ட் டைகர்ஸுக்குப் போனார். டென்னசிக்கு 2024 பட்டத்தை வாங்கித் தந்த டோனி விட்டெல்லோவை 2025 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் மேலாளராகவே (மேஜர் லீக்கில் தலைமைப் பயிற்சியாளரை அப்படித்தான் சொல்வார்கள்) எடுத்தது. தொழில்முறையில் ஆடியோ பயிற்சி கொடுத்தோ அனுபவமில்லாமல் கல்லூரியிலிருந்து நேரே அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள் அவர்.

டிவிஷன் த்ரீ, ஜூனியர் காலேஜ்ல எல்லாம் இதே மாதிரிதானா?

இல்லை. மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. பயிற்சியாளர் கல்லூரியில் வேறு வேலையும் பார்ப்பார், துணைப் பயிற்சியாளர் பகுதி நேரமாக வருவார். ஜூனியர் கல்லூரிகளில் (இரண்டு ஆண்டுப் படிப்புக் கல்லூரிகள்) ஆட்டம் முடிந்து மைதான மண்ணைச் சமன் செய்வதுகூடப் பயிற்சியாளராகவே இருக்கும். அதை வைத்துக் குறைவாக எடை போடாதீர்கள். பெரிய கல்லூரியில் பெஞ்சில் உட்காரும் பையனைவிட, இங்கே தினமும் ஆடி, தினமும் பயிற்சியாளரின் கண்ணில் படும் பையன் வேகமாக முன்னேறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேம்பஸ் பாக்கப் போறோம். கோச்கிட்ட என்ன கேக்கலாம்?

பையன் பிட்சர் என்றால் பிட்சிங் பயிற்சியாளரோடு தனியாகப் பத்து நிமிடம் கேளுங்கள். அவர் அங்கே எத்தனை வருடமாக இருக்கிறார், அவரிடம் இருந்த பிட்சர்களில் எத்தனை பேருக்கு முழங்கை அறுவை சிகிச்சை ஆனது, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை பந்து போடவிடுவார் என்று நேராகவே கேட்கலாம். நல்ல பயிற்சியாளர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பேசும் பொறுப்பைப் பையனிடமே விடுங்கள். அப்பா அம்மாவே எல்லாக் கேள்வியும் கேட்டால், பையன் எப்படிப்பட்டவன் என்று பயிற்சியாளருக்குத் தெரியாமலே போய்விடும். அப்புறம், அணியில் இப்போது ஆடும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், பயிற்சியாளர்கள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் பயிற்சி எப்படி இருக்கும் என்று பையனையே கேட்கச் சொல்லுங்கள்.